குதிகால் தேய்த்த இடம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இயற்பியலில் முதுகலை படித்தவள். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் மதுரையிலிருந்து மாமியார் போன் செய்து மிளகாய் சுற்றிப் போடச் சொல்வார், "சுத்திட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டுக் காய்ச்சல் மருந்தைத்தான் கொடுப்பேன். அதனால் இதை எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு சரியான தூக்கமில்லாமல் ஏதோ கண்டிருப்பாள் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படித்தான் என்று ஆகிவிட்டால் எனக்கும் நிம்மதி.

டெல்லி ஆர்.கே.புரத்தில், அரசுக் குடியிருப்பில் தரைத்தளத்து வீடு எங்களுடையது. கணவர் செந்திலுக்கு ஒரு அமைச்சகத்தில் வேலை. ஆபீஸ் போக மீதி நேரமெல்லாம் அவருக்குப் பழைய சைக்கிள்கள்தான், தேடிப் பிடித்து வாங்குவார், கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவெடுத்து மறுபடி பூட்டுவார். இந்தச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு விதி உண்டு. எவ்வளவு உரிந்திருந்தாலும் பழைய பெயிண்ட் மேல் கை வைக்கக் கூடாது, சைக்கிளோடு வந்த பாகம் ஒன்றுகூடக் குறையக் கூடாது, அப்போதுதான் மதிப்பு. அந்த விதிதான் எங்களை இதில் இழுத்துவிட்டது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எங்கள் மகள் இனியாவுக்கு அப்போது மூன்று வயது. வீட்டை விற்றுவிட்டு மகனிடம் கனடா போகிற ஒரு பஞ்சாபி அம்மா, தன் கணவர் ஓட்டிய இங்கிலீஷ் சைக்கிளைக் கொடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். கரும்பச்சை நிறம். பெரிய ஆண்கள் சைக்கிள். செந்தில் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், பிறகு முன்பக்கப் பாரில் விரலை வைத்து நின்றுவிட்டார். கிளிப் இறுக்கிய தடம் இருந்தது.

"ஆன்ட்டி, இதில் குழந்தை சீட் ஒன்று இருந்திருக்குமே?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"வோ ரெஹ்னே தோ, பேட்டா." அது இருக்கட்டும் என்றார் அந்த அம்மா. முகம் மாறிவிட்டது.

"என்னங்க, விடுங்க. அவங்க முகத்தைப் பாருங்க."

"நீ சும்மா இரு கவி. சீட்டோட முழுசா எங்கே கிடைக்கும்?"

அவர் விடவில்லை. பேசிப் பேசிக் கடைசியில் அந்த அம்மா பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கச் சொன்னார். பழைய பூப்போட்ட படுக்கை விரிப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. கொடுக்கும்போது என் இடுப்பிலிருந்த இனியாவையே பார்த்தார். "கித்னே ஸால் கீ ஹை?" என்று வயதைக் கேட்டார், சொன்னேன். சைக்கிளை ஓட்டுங்கள், சீட்டை அலமாரியில் வையுங்கள், இரண்டையும் சேர்த்து மட்டும் மாட்டாதீர்கள் என்றார். மேலதிகாரி சொல்வதற்குத் தலையாட்டுவது போல என் கணவர் தலையாட்டினார். அன்று சாயங்காலமே மாட்டிவிட்டார். கிளிப் பழைய தடத்தில் இம்மி பிசகாமல் போய் உட்கார்ந்தது, அதை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பின்பக்க முற்றத்துக்குத் தகரக் கூரையும் கிரில்லும் போட்டு, டெல்லிக் குளிருக்குக் கனமான பிளாஸ்டிக் ஷீட்டும் கட்டியிருந்தோம். அதுதான் அவருடைய பட்டறை. சைக்கிளை அங்கே ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். அந்த அளவில் டியூப் கிடைக்காததால் இரண்டு சக்கரமும் காற்றில்லாமல் வெறும் டயரோடு இருந்தன. டைனமோவிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயரையும் அவர் இன்னும் மாட்டவில்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டியா என்று ஒருவர், பழைய சைக்கிள்களுக்கு மதிப்புச் சொல்கிறவர், வந்து பார்த்தார். ஹேண்டிலுக்கு அடியிலிருந்து பெடலுக்கு இறங்கும் சாய்வுக் குழாயில், சீட்டுக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பக்கமும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. இடது பக்கம் ஆழமாக.

"தேக்கோ செந்தில் பாய், இதை எவனாலும் போலியாகச் செய்ய முடியாது. ஒரு குழந்தை உட்கார்ந்து குதிகாலால் தேய்த்தது. இடது காலைத்தான் அதிகம் ஆட்டியிருக்கு, ஷைத்தான்!" அவர் சிரித்தார், இனியாவும் சிரித்தாள். குழாயோடு ஒரு ஸ்கேலை ஒட்டிவைத்துப் போனில் படமெடுத்துக்கொண்டு போனார். பழைய சைக்கிள் கண்காட்சி ஒன்றுக்குத் தன் பெயரில் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். என் கணவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்குப் பிறகுதான் இனியா சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் இடது காலை ஆட்ட ஆரம்பித்தாள். டக், டக் என்று நாற்காலிக் காலில் குதிகால் இடிக்கும்.

"கால ஆட்டாத பாப்பா."

"நான் இல்லம்மா, தீதி."

ஹிந்தியில் தீதி என்றால் அக்கா, விளையாட்டுப் பள்ளியில் பார்த்துக்கொள்ளும் பெண்ணைத் தீதி என்றுதான் கூப்பிடுவாள். அங்கே கற்றுக்கொண்டது என்று விட்டுவிட்டேன். சைக்கிள் பக்கம் அவளைப் போகவிட்டதில்லை, துருப்பிடித்த இரும்பு, டெட்டனஸ் பயம் எனக்கு. பின்கதவின் மேல் தாழ்ப்பாளை எப்போதும் போட்டுவைப்பேன். அதை நானே எக்கித்தான் எடுக்க வேண்டும்.

ஜனவரியில் ஒரு காலை. குளிருக்காகப் பள்ளி விடுமுறை. செந்தில் முன்கதவை வெளியில் பூட்டிக்கொண்டு பால் வாங்கப் போயிருந்தார். நான் அடுப்படியில் டிகாக்‌ஷன் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பின்சந்து, எதிரிலிருக்கும் வேப்பமரம்கூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி. அதில் ஒரு மஞ்சள் வெளிச்சம் இடமிருந்து வலமாகப் போனது, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. கூடியது, மங்கியது, மறுபடி கூடியது. பேட்டரி விளக்கு ஒரே சீராக எரியும். பெடல் வேகத்துக்குத் தகுந்தபடி கூடிக் குறைகிறது என்றால் அது டைனமோ, இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேப்பர் போடுகிறவர் யாரோ என்று நினைத்தேன். இந்தக் காலத்தில் யார் டைனமோ வைத்திருக்கிறார்கள் என்றும் நினைத்தேன். அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குழந்தை சிரித்தது. எந்தத் தாய்க்கும் தன் குழந்தையின் சிரிப்புத் தெரியும்.

இனியா தூங்கிக்கொண்டிருந்த படுக்கையறைக்கு ஓடினேன். அவளுக்குப் போர்த்தியிருந்த ரஜாய் தட்டையாகக் கிடந்தது. முன்கதவு பூட்டியிருந்தது. பின்கதவின் மேல் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. எக்கி அதைத் திறக்கவே எனக்கு நேரமாயிற்று.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். சைக்கிள் ஸ்டாண்டில் நின்றது. கிரில் பூட்டு பூட்டியபடி, பிளாஸ்டிக் ஷீட் கட்டியபடி. பின்சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, டிக் டிக் டிக் என்று பிரீவீல் சத்தம். விளக்குக்குள் இழை சிவந்து, என் கண்ணெதிரே அணைந்தது. இனியா அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தூக்கினேன், ஐஸ் போலிருந்தாள். முடி நனைந்து, எதிர்க்காற்றில் போனது போல நெற்றியிலிருந்து பின்னால் படிந்திருந்தது. இமையில் பனித்துளி. கூரைக்குக் கீழே, ஷீட்டுக்குள்ளே, பனி எங்கிருந்து வரும்?

"அம்மா, ஃபிர் ஸே," என்றாள். இன்னொரு தடவை வேண்டுமாம்.

அவள் போட்டிருந்த வெள்ளைக் காலுறையில், இடது குதிகாலில், கரும்பச்சைத் தீற்றல்.

செந்தில் பாலோடு வந்து எல்லாவற்றையும் கேட்டார். "நீயே தூக்கி உக்கார வச்சுட்டு மறந்திருப்ப."

"தலை ஈரமா இருக்குங்க. தொட்டுப் பாருங்க."

"முகம் கழுவி விட்டிருப்ப. நீ ராத்திரி தூங்குறதே இல்ல கவி, ஒரு டாக்டரைப் பார்ப்போமா?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், பரிவாகச் சொன்னார். அதன் பிறகு எனக்கு என் மேலேயே சந்தேகம். குழந்தையை நான்தான் அந்தக் குளிரில் கொண்டுபோய் வைத்தேனா? இன்னும் என்னவெல்லாம் செய்வேன்? அவளைக் குளிப்பாட்டக்கூடப் பயந்தேன். தூங்கும்போது என் துப்பட்டா நுனியை அவள் கணுக்காலில் கட்டிக்கொண்டு படுத்தேன்.

கண்காட்சிக்கு முன்னால் பாட்டியா மறுபடி வந்தார். குழாயில் ஸ்கேலை வைத்தார், போனில் பழைய படத்தைப் பார்த்தார், மறுபடி ஸ்கேலைப் பார்த்தார். நான் டீயோடு நின்றுகொண்டிருந்தேன்.

"செந்தில் பாய், சாண்ட்பேப்பர் போட்டீங்களா?"

"என்ன பாட்டியா ஜி, கிண்டலா?"

"கிண்டல் நீங்கதான் பண்றீங்க. அப்போ தேய்மானம் இங்கே நின்னுச்சு. இப்போ ரெண்டு விரல் கீழே இறங்கியிருக்கு. குழந்தை வளர வளரக் காலும் இறங்கும்தானே? வாஹ்! இப்படி மூளையோட மோசடி பண்றவரை நான் பார்த்ததே இல்லை."

படத்தை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். உண்மைதான். பழைய தடத்துக்குக் கீழே, அன்றைக்கு முழுசாகப் பெயிண்ட் இருந்த இடத்தில், இரும்பு பளபளத்தது. சிபாரிசு கிடையாது என்று சொல்லிவிட்டு டீயைத் தொடாமல் போனார். பழைய பெயிண்டில் தூசி துடைக்கக்கூட மெல்லிய பருத்தித் துணி தேடுகிறவர் என் கணவர். அவர் அந்தக் குழாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஸ்பானரை எடுத்துச் சீட்டைக் கழற்றினார். கிளிப் வர மறுத்தது, அவருடைய விரல் கிழிந்து ரத்தம் வந்தது, அப்போதும் நிறுத்தவில்லை.

அந்தப் பஞ்சாபி அம்மாவைத் தேடிப் போனோம். வீட்டை இடித்துவிட்டிருந்தார்கள். போன் எண் உபயோகத்தில் இல்லை. சீட் இல்லாத சைக்கிளை வேறொரு சேகரிப்பாளர் எடுத்துக்கொண்டார். சீட்டை அதே பூப்போட்ட விரிப்பில் கட்டி எங்கள் பரணில் வைத்தோம்.

"பழைய இரும்பு வாங்குற கபாடிவாலாகிட்ட போட்டுடலாமே," என்றேன்.

"எடுத்துட்டுப் போறவன் வீட்லயும் குழந்தை இருக்கும் கவி."

எதற்காக அந்த அம்மா அதைப் பரணில் வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இனியாவுக்கு இப்போது ஐந்து வயது, பெரிய பள்ளிக்குப் போகிறாள். தீதி என்று ஒருத்தியை அவளுக்கு ஞாபகமே இல்லை. சமீபத்தில் அந்தச் சேகரிப்பாளர் ஒரு விழாவில் சைக்கிளை நிறுத்திப் படம் அனுப்பியிருந்தார். சீட் இல்லை. குழாயில் தேய்மானம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. செந்தில் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

புதன்கிழமைகளில் அவளுக்கு வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. செவ்வாய் இரவு நான்தான் வெள்ளை பூசிக் காயவைப்பேன். புதன் மதியம் பள்ளி வேனிலிருந்து இறங்குகிறவளின் கையைப் பிடிப்பதற்கு முன்னால் இடது குதிகாலைத்தான் பார்ப்பேன். சில வாரம் ஒன்றும் இருக்காது. சில வாரம் கரும்பச்சையாக ஒரு தீற்றல் இருக்கும். ஏதாவது பெஞ்சில் உரசியிருப்பாள் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அவளுடைய வகுப்பில் எல்லாப் பெஞ்சும் நீல நிறம், போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.