தபசு மரத்தடியில் ஒரு வார்த்தை

கூத்தில் கட்டியக்காரன்தான் கோமாளி. அவன் யாரை என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊரில் அது வழக்கம்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் திருவிழாவில் அன்று மத்தியானம் அர்ச்சுனன் தபசு. அர்ச்சுனன் வேஷக்காரர் தபசு மரம் ஏறுவதற்கு முன்னால் கட்டியக்காரன் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

என் பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை அடி அண்ணாமலைக்காரன், பெங்களூரில் வேலை. பத்திரிகை பாதி கொடுத்தாகிவிட்டது. நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெண் எதிர்ப்பக்கம், பொம்பளைகளோடு.

கட்டியக்காரன் என் எதிரில் வந்து நின்றான்.

"இன்னா மாமா, பொண்ணுக்குக் கல்யாணமாமே. சீரு இன்னா வைக்கிற?"

நான் சிரித்தேன். அவனே அடுக்கினான். பீரோ, கட்டில், மிக்சி, வண்டி. ஒவ்வொன்றுக்கும் மிருதங்கம் ஒரு தட்டு தட்டியது. எல்லாரும் சிரித்தார்கள்.

"தொட்டில் மட்டும் வாங்காத மாமா. மாப்ள வூட்ல அது ஏற்கெனவே ஆடுது, பெங்களூர்ல."

யார் ஆட்டுகிறார்கள் என்று ஆர்மோனியக்காரர் கேட்டார்.

"பெத்தவதான்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. விஷயம் தெரியாதவர்கள் என்றால் என் முகத்தைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

பக்கத்தில் என் பெண்டாட்டியின் தம்பி. நிஜமா என்று அவனைக் கேட்டேன்.

"நெசந்தான் மாமா. நானே போய்ப் பாத்துட்டு வந்தேன். பொண்டாட்டி, கைப்புள்ள. ஊருக்கே தெரியும். உன்னாண்ட சொல்லத்தான் யாருக்கும் வாய் வரல. அதான் அவனாண்ட சொன்னேன்."

எதிர்ப்பக்கம் என் பெண் எழுந்தாள். எல்லார் நடுவிலும் நடந்து வந்து கட்டியக்காரன் முன்னால் நின்றாள்.

"கொழந்த ஆணா பொண்ணா, அண்ணா?"

அவன் குல்லாவைக் கழற்றிவிட்டான். பெண் குழந்தை என்றான். அது கோமாளிக் குரல் இல்லை.

அவள் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். இருவரும் வீட்டுக்கு நடந்தோம். பின்னால் அர்ச்சுனன் பாட ஆரம்பித்துவிட்டார். ஊரும் கூடப் பாடியது.

வழியிலேயே மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"உன் பொண்ணு பேரு இன்னா?"

அவன் போனை வைத்துவிட்டான்.