பதினாலாவது ரேகை

ஒரு கண்ணாடி தட்டையாக இருக்கிறதா என்பதைக் கையால் தடவித் தெரிந்துகொள்ள முடியாது. தட்டை என்று ஏற்கெனவே உறுதியான இன்னொரு கண்ணாடியை அதன்மேல் வைத்து, சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கறுப்பு வரிகள் தெரியும். வரிகள் நேராக ஓடினால் தட்டை. வளைந்தால், எத்தனை வரி அளவுக்கு வளைகிறது என்று எண்ணிப் பார்த்து மறுபடி தேய்க்க வேண்டும். எதை எடுத்தாலும் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் என்னைக் குறை சொல்வார்கள். எண்ணாமல் செய்யவே முடியாத ஒரு வேலை எனக்கு வந்து வாய்த்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எண்பதுகளின் நடுவில் போடியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். மூலை உடைந்த பிரிசங்களைத் தேய்த்துச் சரிசெய்வேன். வீட்டில் ஒரு தொலைநோக்கிக் கண்ணாடியும் தேய்த்து முடித்திருந்தேன். அதை நம்பித்தான் என் மனைவியின் தம்பி பெங்களூரிலிருந்து ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு மதுரை ரயிலில் வந்து இறங்கினான்.

"மை வேணாம், காகிதம் வேணாம் மச்சான். விரலை வச்சா ரேகை டீவில வந்து நிக்கும்," என்றான்.

பெட்டிக்குள் ஒரு பிரிசம், ஒரு விளக்கு, ஒரு கேமரா. பிரிசத்தின் அகன்ற முகத்தில் விரலை வைத்தால், ரேகையின் மேடுகள் தொடும் இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும், பள்ளங்கள் வெளிச்சமாகத் தெரியும். அவன் விரல் வந்தது. என் விரல் வந்தது. அந்த நேரம் பார்த்து என் மனைவி உள்ளே வந்தாள். அவள் பக்கத்து மண்டியில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போவாள். வீட்டில் சும்மா உட்கார அவளுக்கு ஆகாது. அவள் கட்டை விரலை வைத்ததும் திரையில் நாலைந்து புள்ளிகள் மட்டும் தெரிந்தன.

"கையைக் கழுவிட்டு வாக்கா."

கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். அதே புள்ளிகள்.

"என்னடா தம்பி, உன் பெட்டி என்னைய ஒரு ஆளாவே மதிக்க மாட்டேங்குது."

அவன் சிரிக்கவில்லை. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் வந்திருந்தான். காய்ந்து தேய்ந்த விரலின் மேடுகள் கண்ணாடியில் முழுதாகப் படியாது, அங்கங்கே முனைகள்தான் தொடும். பெட்டியை வாங்கவிருந்த நிறுவனத்தார், ஆபீஸ்காரர் விரல் தெரிகிறது, உழைக்கிற கையைக் காட்டு என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் ஊருக்கே வந்து பாருங்கள் என்று இவனும் வீறாப்பாகச் சொல்லியிருக்கிறான். நாற்பது நாளில் வருகிறார்கள். அரசாங்க வேலையை விட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருந்தான். அவர்கள் வேண்டாமென்றால் ஷெட்டை மூட வேண்டியதுதான்.

அவனுடைய யோசனை நல்ல யோசனை. கண்ணாடியின்மேல் மெல்லிய, மிருதுவான, தெளிவான ஒரு படலம் இருந்தால், மேடுகளுக்கு ஏற்றபடி அது வளைந்து கொடுக்கும். அதற்காகச் சிலிக்கான் ரப்பர் ஒரு டின் கொண்டுவந்திருந்தான். ஊற்றிவைத்தால் ஒரு நாளில் இறுகிவிடும். ஆனால் இறுகும்வரை ஒரு தூசி விழக் கூடாது, ஒரு குமிழி நிற்கக் கூடாது. எது இருந்தாலும் திரையில் ரேகையோடு ரேகையாகத் தெரியும்.

பிரிசத்தைத் தேய்த்து மெருகேற்றுவதில் எனக்குச் சிரமமில்லை. கீலும் தேன்மெழுகும் கலந்து மெருகு வட்டு வார்த்து, சிவப்புப் பொடி வைத்து, வரிகள் நேராகும்வரை தேய்த்தேன். படலம்தான் படுத்தியது. ஆடி மாதம். கணவாய் வழியாக இறங்கும் காற்று ஊர்ப் புழுதி முழுவதையும் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டியது. முதல் படலத்தில் முப்பத்தொரு தூசி. ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி கட்டிய பிறகு பத்தொன்பது. என்னால் சாப்பிட உட்கார முடியவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து போய் லென்ஸை வைத்துப் பார்ப்பேன்.

"அதுபாட்டுக்குக் கிடக்கட்டும், உக்காந்து தின்னுங்க. நீங்க பாக்குறதுலதான் தூசி விழுது," என்பாள் மனைவி.

காற்றே நுழையாத, சூடு மாறாத ஓர் அறை வேண்டும். அப்படி ஒன்று என் பெரியப்பா மகனிடம் இருந்தது. குரங்கணிக்கு மேலே அவருடைய தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். நாங்கள் ஸ்டோர் என்போம். நெருப்பு வெளியே எரியும். சூடான இரும்புக் குழாய் மட்டும் உள்ளே ஓடும். கதவைச் சாத்தினால் மூச்சு விடுகிற அளவு காற்றுகூட இருக்காது. புதுக் காய் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. பிரிசத்தை டப்பாவில் வைத்து ஜீப்பில் ஏறிப் போனோம்.

"என்னப்பு, இதையும் காயவச்சு மண்டிக்குக் கொண்டுபோறியா? எட்டு மில்லி மொத்தமுள்ள முதல்தரக் காய் மாதிரித் தெரியலையே," என்று சிரித்தார் அண்ணன். மேல்தட்டில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அங்கேயே படலத்தை ஊற்றிக் கதவைச் சாத்தினோம்.

மறுநாள் எடுத்துப் பார்த்தேன். தூசி இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு குமிழி. வீட்டுக்கு வந்து பெட்டியில் பொருத்தினோம். மனைவி கட்டை விரலை வைத்தாள். திரையில் முழு ரேகையும் வந்து நின்றது. சுழியின் நடுவிலிருந்து ஓரம் வரை பதினாலு மேடுகள் எண்ணினேன்.

"அக்கா, வந்துட்டக்கா!" என்று மைத்துனன் குதித்தான்.

அவள் விரலை மோந்து பார்த்தாள். "பாயசத்துல கைவிட்ட மாதிரி இருக்குடா."

எனக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை. எந்த ரப்பருக்கு ஏலக்காய் வாசனை இருக்கிறது? மைத்துனன் பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் பெங்களூர் போய்விட்டான். நான் தினம் காலையில் பிரிசத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு, மனைவி மண்டிக்குக் கிளம்புமுன் அவள் விரலை வைக்கச் சொல்லி எண்ணினேன். முதல் வாரம் பதினாலு. அப்புறம் பன்னிரண்டு. ஒன்பது. துடைத்த பஞ்சில் பிசுபிசுப்பு இருந்தது. அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. ஸ்டோரில் கிடந்தபோது படலம் காயின் எண்ணெயைக் குடித்திருக்கிறது; அதைத்தான் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. அந்தக் கசிவுதான் காய்ந்த விரலைக் கண்ணாடியோடு ஒட்டவைத்தது. எண்ணெய் ஆவியாகிக்கொண்டே போனது. இருபதாம் நாள் பழையபடி புள்ளிகள்தான்.

மைத்துனன் வந்ததும் சொன்னேன்.

"வந்தாச் சரி மச்சான். எண்ணெயா ஏலக்காயான்னு எவன் கேக்கப்போறான்? இன்னொண்ணு ஊத்தி வெரசா ஸ்டோர்ல வைங்க."

இன்னொரு பிரிசத்தைத் தேய்த்து, படலம் ஊற்றி வைத்தோம். சொன்ன நாளில் நிறுவனத்தார் இரண்டு பேர் காரில் வந்தார்கள். பெரியவர் நன்றாகத் தமிழ் பேசினார். மற்றவர் குறிப்பு எடுத்தார். மனைவி தன்னோடு தரம் பிரிக்கும் இரண்டு பெண்களை அழைத்து வந்திருந்தாள். ஒவ்வொருவர் விரலும் பளிச்சென்று விழுந்தது.

"ஆத்தா, என் விரலு டீவில வருதுடி! பாட்டு ஏதும் வருமா?"

"ஒனக்குப் பாட்டு வேற கேக்குது. விரலை எடு, அடுத்த ஆளு நிக்குது."

பெரியவர் சிரித்தார். தன் விரலையும் வைத்துப் பார்த்தார், மோந்தார், மறுபடி சிரித்தார். பிறகு பிரிசத்தைக் காட்டி, "இந்த மேல்பரப்பு எவ்வளவு காலம் தாங்கும்?" என்று கேட்டார்.

மைத்துனன் என்னைப் பார்த்தான். கேள்வி எனக்குத்தான் வந்திருந்தது, தேய்த்தவன் நான்.

"இருபது நாள்," என்றேன்.

வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்தார். ஏலக்காய்க் கதையைச் சொன்னேன். குறிப்பு எடுத்தவர் பேனாவை மூடினார். நீடித்து நிற்கிற ஒன்று இருந்தால் இரண்டு மாதத்துக்குள் கொண்டு வாருங்கள் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுக் கார் ஏறினார்கள்.

அன்றே மைத்துனன் பெங்களூருக்குக் கிளம்பினான். ஸ்டேஷன் வரை பெட்டியைத் தானே தூக்கி வந்தான். மனைவி கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டியபோதுதான் வாயைத் திறந்தான்.

"இருபதுக்குப் பக்கத்துல ஒரு முட்டையச் சேத்துச் சொன்னா கொறஞ்சா போயிருவீங்க மச்சான்?"

"இருநூறுன்னு சொல்லியிருந்தா, இருபத்தோராம் நாள் உன் ஷெட்டுக்குத்தான் வருவாங்க. என் வீட்டுக்கு வரமாட்டாங்க."

அவன் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். வண்டி நகர ஆரம்பித்ததும் தலையை வெளியே நீட்டி, "ஆவியாகாத எண்ணெய் எதுவும் இருக்கா மச்சான்?" என்று கத்தினான்.

நான் வீட்டுக்கு நடக்கும்போதே எண்ணிப் பார்த்தேன். நல்லெண்ணெய் சிக்குப் பிடிக்கும். தேங்காயெண்ணெய் மார்கழியில் உறையும். விளக்கெண்ணெய் கொழகொழ. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தையல் மெஷின் கண்ணில் பட்டது.

எண்ணெய் வற்றிப் புள்ளிகள் மட்டும் காட்டிக்கொண்டிருந்த முதல் பிரிசத்தை எடுத்தேன். அதன் படலத்தின்மேல் மெஷின் எண்ணெயை ஊற்றி ஒரு நாள் ஊறவைத்தேன். துடைத்துவிட்டு லென்ஸில் பார்த்தேன், தெளிவு குறையவில்லை.

"மெஷினையும் விட்டுவைக்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

"உன் தம்பி கேட்டான். விரலைக் கொடு."

பெட்டியை அவன் கொண்டுபோய்விட்டதால், மேசை விளக்கு, பிரிசம், லென்ஸ் மூன்றையும் வைத்தே பார்த்தேன். பதினாலு. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னேன். பதினாலு. பத்தாம் நாளும் பதினாலு. இருபதாம் நாள் விடியும் முன்பே எழுந்து அவள் எழுவதற்காகக் காத்திருந்தேன். பதினாலு. இருபத்தோராம் நாள் பதிமூன்று.

டிரங்க் கால் போட்டுச் சொன்னேன்.

"பதிமூணு போதும் மச்சான்! பதிமூணு போதும்! இன்னைக்கே கெளம்பி வர்றேன்," என்று மறுமுனையில் கூவினான். வந்து பிரிசத்தை வாங்கிக்கொண்டு போனான். அதை நிறுவனத்தாரே அறுபது நாள் வைத்துப் பார்த்தார்களாம். ஷெட் மூடப்படவில்லை. பிறகு நான் அவனுக்குத் தேய்த்துக் கொடுத்தவை எழுபத்தாறு.

ஆனால் அந்த ஒன்று எங்கே போனது? எண்ணெய் குறைந்திருந்தால் மறுநாள் பன்னிரண்டு ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவன் வந்து எடுத்துப் போகும்வரை பதிமூன்றிலேயே நின்றது. அந்தச் சமயம் மண்டியில் புதுக் காய் குவிந்து கிடந்தது. காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். பிரிசத்தை விட்டுவிட்டு அவள் விரலையே லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில், காயை உருட்டித் தள்ளும் இடத்தில், தோல் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. ஒருமுறை எண்ணினால் பதிமூன்று, மறுமுறை எண்ணினால் பதினாலு. மூன்றாம் முறை எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டாள்.

"விடுங்க. சோலி கெடக்கு."