லண்டன் ஓநாயும் என் மீன் கூவலும்

வாசகசாலை அறிவிப்புப் பலகையைப் பார்க்கிறவர்களே, இது இன்று காலை பாறசாலை பஸ்ஸில் நடந்தது.

கிதார் போட்டு ராக் பாடுகிற நம்ம அனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பேட்டி வந்த பத்திரிகையை நீட்டினான்.

"பாட்டா, என் பாட்டுல வாற கூவல், நீங்க சைக்கிள்ல மீன் வித்தப்போ கூவினது ஆக்கும். இதுல உங்க பேரையும் சொல்லியிருக்கேன்."

எனக்கு எழுத்து தெரியாது என்ற தைரியம் அவனுக்கு. முதியோர் வகுப்பில் நான் ஆறு மாதமாகப் படிப்பது அவனுக்குத் தெரியாது.

என் பெயரைத் தேடி விரல் வைத்து வாசித்தேன். "அந்தக் கூவல்... லண்டன் பனியில்... நான் கேட்ட... ஓநாயின் குரல்."

முன்சீட்டில் இருந்த மேரி திரும்பினாள். "எலே அனிலே, நீ இந்தா பக்கத்துல கிடக்க பாலராமபுரம் தாண்டினதுண்டா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு.

"பாட்டா, சத்தம் போட்டு வாசிக்காதீங்க" என்று கெஞ்சினான்.

"மனசுக்குள்ள வாசிக்க எனக்கு இன்னும் வராது மக்கா" என்று அடுத்த வரிக்குப் போனேன். கடைசி வரி வரைக்கும் என் பெயர் இல்லை.

நாளை சாயங்காலம் அவன் சந்தை மைதானத்தில் பாடுகிறான். ஓநாய் கூவும்போது மீன் வாங்கச் சட்டியோடு ஓடி வர யாரெல்லாம் தயார்? கீழே பெயர் எழுதுங்கள். நான் வாசித்துக்கொள்வேன்.