தானாக உள்ளே போன பிஸ்டன்

மேல்மலையனூர் போய்விட்டு வந்த அன்று எங்கள் பழைய காரின் முன்பக்க வலது சக்கரம் தோசைக்கல்லாகச் சுட்டது. பிடித்த பிரேக் விடாமல் இருக்கிறது என்றார் கணவர். மெக்கானிக்கிடம் விடலாம் என்றேன். தானே செய்வதாகச் சொல்லி வீடியோ ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தார். பாதியில் குறட்டை கேட்டது. மீதியை வெங்காயம் உரித்துக்கொண்டே நான் பார்த்து முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் கட்டைகளை அழுத்துகிற காலிப்பரை எடுத்து, அதன் பிஸ்டனை உள்ளே தள்ள இரும்புக் கிளாம்ப் மாட்டி முறுக்கினார். முகம் சிவந்ததே தவிர பிஸ்டன் அசையவில்லை. துருப்பிடித்துவிட்டது, காலிப்பரையே மாற்றவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆயிலை வெளியே விடுகிற சின்னத் திருகைத் தளர்த்திப் பார்க்கலாமே என்றேன்.

"நீ கை வெக்காத. காத்து பூந்துடும்."

காலிப்பர் கிடைக்குமா என்று விழுப்புரத்துக்குப் போன் போட மாடிக்குப் போனார். அங்கேதான் சிக்னல்.

நான் ஸ்பேனரை எடுத்தேன். திருகில் ஒரு டியூப்பைச் சொருகி, மறுமுனையை ஊறுகாய் பாட்டிலில் விட்டு, கால் சுற்று தளர்த்தினேன். பிரேக் ஆயில் கறுப்பாக வந்தது. கிளாம்ப்பை முறுக்கியதும் பிஸ்டன் மறுபேச்சில்லாமல் உள்ளே போனது. அப்படியானால் பிஸ்டன்மேல் குற்றமில்லை. ஆயில் திரும்பிப் போகிற ரப்பர் ஹோஸ்தான் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கிறது. திருகை இறுக்கி, பாட்டிலைச் செடிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, துணி காயப்போடுகிறவளாக நின்றேன்.

இறங்கி வந்தவர் குனிந்து பார்த்தார். "பாத்தியா, நான் குடுத்த டைட்டுக்கு இப்பதான் எறங்கியிருக்குது."

ஆமாங்க என்றேன். பழைய கட்டைகளோடு காலிப்பரை மாட்டச் சொல்லி, காரில் ஏறி பிரேக்கை நாலு முறை மிதித்தேன். பிஸ்டன் மறுபடி வெளியே வந்து கட்டைகளைப் பிடித்துக்கொண்டது.

"இப்ப இன்னொரு வாட்டி தள்ளுங்க."

காலிப்பரைக் கழற்றித் தள்ளினார். இம்மியும் நகரவில்லை. கிளாம்ப்பைப் பார்த்தார், பிறகு கறுத்திருந்த என் விரல்களைப் பார்த்தார்.

"இன்னா பண்ண நீ?"

சிரித்து முடித்துச் சொன்னேன். பிறகு எழுந்து போய்ப் புது ஹோஸ் வாங்கி வந்து மாட்டினார். நான் மிதிக்க, அவர் திருகைத் திறந்து மூட, உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியேறியது. எங்கள் ஊர்க் கோட்டை வரை ஓட்டிப்போய் இறங்கி, இருவரும் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தோம். சூடில்லை.

மாலையில் என் தம்பி வந்தான். எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க என்று கேட்டான்.

"ஹோஸ்தான்னு எனுக்கு மொதல்லயே டவுட்டு," என்றார், என் பக்கம் திரும்பாமல்.

அவர் காபிக்கு மட்டும் நான் சர்க்கரை போடவில்லை. அவரும் கேட்காமல் குடித்தார்.