பிள்ளைச்சாவடியில் நான் தவறாகக் கேட்ட சொல்

புதுச்சேரிக்கு வந்த முதல் வாரம், காலையில் அலுவலகத்துக்குள் நுழையும்போது வாசல் காவலாளியிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். அரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர் அவர். முகம் சுருங்கி, "பசியெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சாப்ட்டுட்டுதான் வந்தேன்" என்றார். மலேசியாவில், தைப்பிங்கில் எங்கள் தெருவில் காலையில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி அது. இங்கே ஏழைக்குச் சோறு போட வந்தவளின் விசாரிப்பாகிவிட்டது. தமிழ் பேசுகிற ஊருக்குத்தானே போகிறாய், உனக்கென்ன கஷ்டம் என்று சொல்லித்தான் ஊரில் நீங்கள் எல்லோரும் என்னை விமானம் ஏற்றினீர்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

சுனாமி வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கடற்கரைச் சாலைக்குப் பின்னால், உயரமான கூரையுள்ள ஒரு பழைய வீட்டில் நாங்கள் ஏழு பேர் வேலை பார்த்தோம். இந்தியா, இலங்கை, மலேசியா, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் தங்கள் கரைகளை எப்படிக் காக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது, கடலும் கெடாமல் பிழைப்பும் கெடாமல் இருக்க நான்கும் சேர்ந்து என்ன கொள்கை வகுக்கலாம் என்று எழுதிக் கொடுப்பது, இதுதான் எங்கள் குழுவின் வேலை. தலைவர் பெர்னார் பிரெஞ்சுக்காரர். இங்கே பல வருஷம் இருந்தும் அவருடைய தமிழ் 'ரொம்ப நல்லது' என்பதோடு நின்றுவிட்டது. மீனவ ஊர்களில் பேச ஒரு ஆள் வேண்டும், மலாயும் தெரிந்திருந்தால் நல்லது என்று தேடியபோதுதான் நான் அகப்பட்டேன். கோலாலம்பூரில் நான் இருந்த அரசாங்க அலுவலகத்தில் கடற்கரையைப் பற்றிய கோப்புகள் மேசை மேசையாக நகரும். அந்தக் கரையில் இருப்பவர் ஒருவரைக்கூட ஆறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. இங்கே முதல் மாதத்திலேயே செருப்புக்குள் மணல் ஏறிவிட்டது. மதியம் ஒரு மணிக்குக் கடைகளை அடைத்துவிட்டு ஊரே படுத்துக்கொள்வதும் பிடித்துப்போயிற்று. தைப்பிங்கில் மழை பெய்தால்தான் எங்களுக்கு அப்படியொரு ஓய்வு.

வடக்கே பிள்ளைச்சாவடியில் கடல் வருஷா வருஷம் உள்ளே வந்துகொண்டிருந்தது. கரையோர வீடுகளை உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுக்கலாம் என்று எங்கள் வரைவில் ஒரு யோசனை இருந்தது. அதைப் பற்றி ஊராரிடம் கேட்கப் போனோம். வழக்கமாகக் கூட வருகிற ஆரோக்கியமேரிக்கு அன்று உடம்பு சரியில்லை. அவள் நகரத்திலேயே பிறந்து வளர்ந்த பெண், எங்கள் குழுவில் களவேலை பார்ப்பவள். அதனால் பெர்னாரும் நானும் மட்டும் போனோம். வலை பின்னும் கொட்டகையில் பெண்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மீன் விற்கிற தெய்வானை அக்காதான் எல்லோருக்குமாகப் பேசினார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். நான் யோசனையை நீளமாக விளக்கி, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். அவர், "ஆவட்டும்மா, பாக்கலாம்" என்றார். மற்றவர்கள் தலையசைத்தார்கள். அப்படியே ஆகட்டும் என்கிறார்கள் என்று நான் பெர்னாரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து மேரி அந்த வரைவைப் படித்தாள். இந்த ஊர்ப் பெண்கள் இடம் மாறச் சம்மதிக்கிறார்கள் என்று அதில் ஒரு வரி. யார் சொன்னது, என்ன வார்த்தையில் சொன்னது என்று கேட்டாள். சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, அது சம்மதம் இல்ல. அவங்க பேச்ச முடிச்சிக்கிட்டாங்க. வூட்டுக்கு வந்தவங்கள மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்லக்கூடாதுன்னு."

வரைவு ஏற்கெனவே நான்கு நாடுகளுக்கும் போயிருந்தது. அந்த ஒரு வரியைக் காட்டி நாளை யாராவது ஒரு ஊரையே கிளப்பலாம். என் ஒப்பந்தம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. தமிழ் தெரியும் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். அதுதான் எனக்குத் தெரியவில்லை என்று நானே போய்ச் சொல்ல வேண்டும். மேரி தானே சொல்லவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நான் சொல்லி முடிக்கும்வரை பெர்னார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அப்படியானால் அந்த அம்மா உண்மையில் என்னதான் சொன்னார் என்று கேட்டார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்றேன். அன்றே நான்கு நாடுகளுக்கும் திருத்தக் கடிதம் போயிற்று. தவறு குழுவினுடையது என்று எழுதினார். என் பெயரை எழுதவில்லை.

மறுநாள் மேரியோடு பிள்ளைச்சாவடிக்குப் போனேன். தெய்வானை அக்கா வியாபாரம் முடித்து வந்து மீன் கொண்டுபோகும் அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மலேசியாக்காரப் பெண்ணுக்கு எங்கள் பேச்சு எப்படிப் பிடிபடும் என்று மேரியிடம் என்னைப் பற்றியே பேசினார், நான் பக்கத்தில் இல்லாததுபோல. பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"வூடு உள்ள போயிட்டா, மீனோட போட்டு கரைக்கு வந்தது எனக்கு எப்பிடித் தெரியும்? நான் ஓடியாறதுக்குள்ள ஏலம் முடிஞ்சிடும். எங்களுக்கு வூடு வாணாம். இங்க மணல் இருந்துச்சி பாரு, அது வேணும். அத எழுது."

அதைத்தான் எழுதினேன். வீடுகளை நகர்த்துமுன், போன மணலைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் அறிக்கையில் தனி அத்தியாயமாயிற்று. மணல் இன்னும் வரவில்லை. ஆனால் சம்மதம் என்ற அந்த வரி எந்த நாட்டுப் பிரதியிலும் இன்று கிடையாது. என் ஒப்பந்தமும் நீண்டது. இனி ஊர்களில் கேட்பது மேரி, எழுதுவது நான் என்று பிரித்துக்கொண்டோம். ரெட்டியார்பாளையத்தில் மாடி வீடு ஒன்றுக்குக் குடிபோனேன். நிம்மதியாகத்தான் இருக்கிறேன்.

போன மாதம் நான்கு நாட்டு அதிகாரிகளும் இங்கேயே கூடினார்கள். தெய்வானை அக்காவையும் அழைத்திருந்தோம். அவருக்குத் தமிழில் சொல்ல நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏசி குளிர் தாங்காமல் என் வலது கையை இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். மலேசிய அதிகாரி எழுந்து, 'டி தெம்பாட் காமி' என்று மலாயில் ஆரம்பித்தார். காதுக் கருவியில் ஆங்கிலம் வருவதற்கு முன்பே நான் சொல்லத் தொடங்கிவிட்டேன்: "எங்க ஊர்ல, அலையத் தடுக்கக் கரையோரமா மரம் நட்டாங்களாம்."

"எங்க ஊருன்னா?" அக்கா என் பக்கம் குனிந்தார். "அவரு ஊரா, உன் ஊரா?"

என் இடது கை எதிரே அந்த அதிகாரியின் முன்னால் மலேசியா என்று எழுதிய பலகையைக் காட்டியது. வலது கையை அவர் விடவில்லை, நானும் எடுத்துக்கொள்ளவில்லை.