நெடுந்தீவு கிளினிக்கும் துறையில் நிற்கும் ஓட்டோக்களும்

அக்கா நெடுந்தீவு மேற்கில் கலியாணம் செய்து போனவள். குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாளில் ஓட்டோ கிடைக்காமல், வெயிலில் அவனைத் தூக்கிக்கொண்டு படகுத்துறையடிக் கிளினிக்குக்கு நடந்திருக்கிறாள். போய்ச் சேர்ந்தபோது கிளினிக் முடிந்துவிட்டதாம். அடுத்த கிளினிக் நாளில், அதை எங்கே நடத்துவது என்று கூட்டமும் வைக்கிறார்கள் என்றாள். துணைக்கு நான் வருகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட பிறகு, வேலணையை விட்டு நான் தனியாகப் போன முதல் பயணம் இதுதான். போன மாதம் போய் வந்தேன்.

காலை ஆறரைக்கு, படகுத்துறை இருக்கும் குறிகட்டுவானுக்குப் பஸ். புங்குடுதீவுப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல்! யன்னலை விட்டு முகத்தை எடுக்கவேயில்லை. பிறகு படகில் ஒரு மணித்தியாலம். மேல்தட்டில் நின்றால் முழுக்க நனைவீர்கள். நான் நனைந்தேன், சந்தோசமாக. ஊசி போட வரும் கிளினிக் மிஸ்ஸும் அதே படகில்தான் வந்தார்.

நெடுந்தீவுத் துறையில் ஓட்டோக்கள் வரிசையாக நின்றன.

"தங்கச்சி, குதிரை பாக்கவோ?" என்றார் ஒரு சாரதி. தீவின் காட்டுக்குதிரைகளைப் பார்க்கத்தான் வெளியாட்கள் வருவார்கள்.

"இல்லை அண்ணை. மேற்கில இருந்து அக்காவையும் பிள்ளையையும் கிளினிக்குக்கு ஏத்திவர வேணும்."

"மேற்கோ? என்ர வீடும் அங்கதான். விடிய வெறும் ஓட்டோவோட வந்தனான். படகு வரேக்க இஞ்ச நிக்காட்டி உழைப்பில்லை."

வழி முழுக்கப் பவளக்கல் மதில்கள். ஒரு ஓட்டோகூட எதிரே வரவில்லை. அக்காவை ஏற்றிக்கொண்டு திரும்பி, முதல் வேலையாக ஊசியைப் போட்டோம். அக்காவின் மகன் தீவே அதிரக் கத்தினான்.

பிறகு கூட்டம். "படகு வாற இடம்தானே எல்லாருக்கும் வசதி?" என்றார் வரைபடத்தோடு வந்த அதிகாரி. நான் அக்காவின் காதில் குசுகுசுத்தேன்.

"என்ர காதே கிளினிக்கை மாத்தப்போகுது? எழும்பிச் சொல்லடி!"

எழும்பினேன். "சேர், படகு வரேக்க ஓட்டோ எல்லாம் இஞ்சதான். மேற்கில ஒண்டுமில்லை. மிஸ் மட்டும் ஓட்டோவில தீவின்ர நடுவுக்கு வந்தா, எங்களுக்கு அரைவாசி நடைதான்."

"அப்ப துறையடி ஆக்கள் நடக்கிறதோ?" என்று ஒரு தாய் சீறினார்.

"உங்கட படலை வாசலிலதானே அக்கா நாங்கள் ஓட்டோவோட நிக்கிறம்!" என்றார் எங்கள் சாரதி. எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் "எனக்கு ஏலும்" என்றார். அடுத்த முறை நடுவிலுள்ள பொதுமண்டபத்தில் நடத்திப் பார்ப்பதென்று முடிவானது. திரும்பும் படகில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நேற்று அந்த மண்டபத்தில் முதல் கிளினிக். "நடந்துதான் போனனான், வரிசையில முதலாவது ஆள்!" என்று அக்கா போனில் கத்தினாள்.

நெடுந்தீவு போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். படகு நேரம் மாறும், முதல்நாளே விசாரியுங்கள். ஓட்டோவில் சுற்றும்போது மதிலோரம் குழந்தையோடு யாராவது கைகாட்டினால், கொஞ்சம் ஒதுங்கி இருந்து ஏற்றிக்கொள்ளுங்கள். குதிரைகள் எங்கேயும் போய்விடாது.