நம்போஸோ நிழலை எடுத்த ஞாயிற்றுக்கிழமை

நம்போஸோவின் கேம் கடைக்கும் என் சப்பாத்திக் கல்லுக்கும் நடுவில் ஒரு தகரம்தான் இருக்கிறது. ம்பாலே ஊர் வண்டி நிலையத்துக்குப் பின்னால் பதினோரு வருஷமாக முட்டை ஊற்றிச் சப்பாத்தி சுருட்டி விற்கிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கணினி பற்றி நான் எழுதுவதில் தப்பு இருந்தால் அவளிடம் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். அவளைப் பற்றி எழுதுவதில் தப்பு இருக்காது. தகரம் மெல்லியது, எல்லாம் கேட்கும்.

அவளுக்கு முப்பத்துநாலு வயது. நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே இருந்த டைப்பிங் கடையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை, நிலத் தகராறு மனு, வேலை விண்ணப்பம் என்று அடித்துத் தள்ளிய கை. முதலாளி தலைநகர் கம்பாலாவுக்குப் போனபோது பழைய கணினி மூன்றை அவளுக்கே விட்டுவிட்டுப் போனார். புருஷன் எல்லை தாண்டி ஜூபாவுக்கு லாரி ஓட்டுகிறான், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பெண் பிள்ளைகள் இரண்டு. அவள் அந்தக் கணினிகளில் கால்பந்து கேமை ஏற்றி, ஆடுவதற்குக் கைப்பிடிகள் வாங்கி மாட்டிக் கடையைத் திறந்துவிட்டாள். “பொம்பளை நடத்துற கேம் கடைக்கு எவன் வருவான்?” என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தன். வந்தார்கள்.

இத்தனைக்கும் அவள் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள், அவ்வளவுதான்.

கேம் கடை என்றால் ஆடுகிறவன் இரண்டு பேர், பார்க்கிறவன் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேருக்குத்தான் சுவர் ஓரமாக ஒரு நீள பெஞ்ச். அவர்கள் கத்தாவிட்டால் ஆடுகிறவனுக்குக் கை ஓடாது. அதனால்தான் எங்கள் ஊரில் கடைக்கும் கடைக்கும் பந்தயம் என்றால் பெஞ்சை வைத்து ஆடுவோம். தோற்ற கடையின் பெஞ்சை ஜெயித்தவர்கள் தலையில் தூக்கிக்கொண்டு போவார்கள். அடுத்த பந்தயம் வரைக்கும், அதாவது மூன்று மாதத்துக்கு, தோற்றவர் புது பெஞ்ச் போடக் கூடாது. பெஞ்ச் போனால் அதில் உட்கார்ந்தவர்கள் பின்னாலேயே போய்விடுவார்கள், அவர்களுக்குப் பின்னால் ஆடுகிறவர்களும். போன வருஷம் ங்கோமா பக்கம் ஒரு கடைக்கு அப்படித்தான் ஆனது. இன்றைக்கு அங்கே கோழித் தீவனம் விற்கிறார்கள்.

இந்தத் தடவை நமதாலா பக்கத்துக் கேம் கடைக்காரன் ஒபோலோட் நம்போஸோவைப் பந்தயத்துக்கு அழைத்தான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, அவள் கடையில். அவன் பக்கம் அவனே ஆடுவான். இவள் பக்கம் மூகிடே. வண்டி நிலையத்தில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றி ஓட்டுகிறவன்.

இங்கே கொஞ்சம் கணினி சமாசாரம் சொல்லியாக வேண்டும். திரையில் தெரிவது ஓடுகிற படம் இல்லையாம். ஒரு நொடிக்கு இத்தனை என்று கணினி ஒவ்வொரு படமாக வரைந்து தள்ளுகிறதாம். எத்தனை என்பது திரை மூலையில் பச்சை எண்ணாக ஓடும். அறுபது என்றால் ஆட்டம் எண்ணெய் போட்டதுபோல் வழுக்கும். முப்பதுக்குக் கீழே போனால், விரல் அழுத்திக் கால் உதைப்பதற்குள் பந்து எதிராளியிடம் இருக்கும். படத்தில் புல் ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும், பார்வையாளர் மேடையில் கூட்டம் அசைய வேண்டும், சட்டையில் மடிப்பு விழ வேண்டும் என்றால் எண் இறங்கும். என் கல்லிலும் அதே கதைதான். வெறும் சப்பாத்தி என்றால் மளமளவென்று தள்ளுவேன். முட்டை, தக்காளி, முட்டைக்கோஸ் எல்லாம் வேண்டும் என்றால் நின்றுதான் வாங்க வேண்டும். அவள் கணினிகள் என் கல்லைவிடக் கிழம்.

அந்த வாரம் முழுக்க மூகிடே அவள் உயிரை எடுத்தான்.

“அக்கா, முப்பத்தெட்டுதான் நிக்குது. இதுல எப்படி ஆடுறது? சேத்துல வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு.”

பெஞ்சிலிருந்து தையல்காரர் வெபுகுலு குரல் கொடுத்தார். என் வயசுக்காரர், ஆள் நல்ல கனம், பெஞ்சின் ஒரு முனை அவருக்கே. “வரப்புலயே விழுறவன்தானே நீ. சேத்தக் குத்தம் சொல்லாத.”

“நீங்க சும்மா இருங்கண்ணே. அக்கா, புல்லைப் பிடுங்குங்க. அந்தக் கூட்டத்த வீட்டுக்கு அனுப்புங்க.”

“அனுப்பிட்டா? நாங்க பாக்க வர்றது விளையாட்டா, எழவு வீடா?”

பந்தயத்தில், கடைக்காரர் வைத்ததுதான் படம். வந்தவர்கள் அதைத் தொடக் கூடாது. கடைக்காரரும் ஆட்டத்துக்கு நடுவில் தொடக் கூடாது, இடைவேளையில் மட்டும் மாற்றலாம். அதனால் முடிவு நம்போஸோ தலையில்தான்.

ஞாயிறு காலை மூகிடே ஜனங்களைச் சர்ச்சுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அவள் தனியாகக் கடையில் உட்கார்ந்து படத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறாள். புல் போனது, கூட்டம் போனது, சட்டை மடிப்பு போனது. எண் நாற்பத்தேழு. கடைசியில் நிழலையும் எடுத்தாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கூச்சல்.

“என்னம்மா சத்தம்? லாரி வந்துருச்சா?” என்றேன்.

“அறுபது வந்துருச்சு, மகோமு அண்ணே! லாரி எப்ப வேணா வரட்டும்!”

மூன்று மணிக்கு ஒபோலோட் நாற்பது பேரோடு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். “இது என்ன மைதானமா, பில்லியர்ட்ஸ் மேசையா?”

“ஆட வந்தீங்களா, மாடு மேய்க்க வந்தீங்களா? புல்லு எதுக்கு?” என்றாள் அவள்.

எல்லாரும் சிரித்தார்கள். மூகிடே எண்ணைப் பார்த்துவிட்டு அவள் காலில் விழாத குறை. நான் கல்லுக்கு அடியில் தீயைக் குறைத்துவிட்டு வாசலில் வந்து நின்றேன்.

மூகிடேயின் ஆட்டம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். பின்னாலிருந்து பந்தை உயரத் தூக்கிப் போடுவான். அது எங்கோ மூலையில் இறங்கும், அங்கே திரையில் அவன் ஆள் நிற்பான், தலையால் முட்டுவான். ஒபோலோட் நேர்மாறு. தரையோடு தரையாக, காலுக்குக் கால் தட்டிக்கொண்டே வருவான்.

பந்து மேலே போனது. மூகிடேயின் ஆள் ஓடினான், நின்றான், பந்து அவனுக்குப் பின்னால் விழுந்தது. இன்னொரு பந்து. இந்தத் தடவை அவன் தாண்டி ஓடிவிட்டான். மூகிடே கைப்பிடியை உதறினான், வேறு கைப்பிடி வாங்கினான், அதுவும் அப்படியே. அதற்குள் ஒபோலோட் தரையிலேயே தட்டி மூன்று கோல் போட்டான். நமதாலா ஆட்கள் எங்கள் பெஞ்சை அப்போதே அளக்க ஆரம்பித்தார்கள்.

“ராத்திரி என்னத்தடா குடிச்ச?” என்று எங்கள் ஆட்களே மூகிடேயைத் திட்டினார்கள். “அக்கா அறுபது குடுத்தும் உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

அவன் திரும்பாமல் இன்னொரு பந்தைத் தூக்கிப் போட்டான்.

நம்போஸோ அவனைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்று பார்த்தே பழகிய கண். உயரப் போன பந்து எங்கே விழும் என்பதை யாரும் பந்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. தரையில் அதன் நிழல் ஒரு கறுப்புப் பொட்டாக ஓடும். கால் அந்தப் பொட்டைத்தான் துரத்தும். மூகிடேக்கே அது தெரியாது, அவன் விரலுக்குத்தான் தெரியும். அந்தப் பொட்டைத்தான் காலையில் அவள் துடைத்துவிட்டிருந்தாள்.

இடைவேளை விசில் கேட்டதும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அவன யாரும் ஏசாதீங்க. நிழல எடுத்தது நான். தப்பு என்னுது.”

நாற்பது வெளியாட்கள் முன்னால் ஒரு கடைக்காரி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கணினி எலியைத் தேய்த்து நாலு தட்டுத் தட்டினாள். நிழல் வந்தது. எண் நாற்பத்தேழுக்கு இறங்கியது.

“அக்கா! எண்ணு போச்சு!” மூகிடே அலறினான்.

“எண்ணப் பாக்காத. கீழ பாரு. தரையப் பாரு.”

“ரெண்டு பேருக்கும் ஒரே படம்தானே, எனக்கென்ன,” என்று ஒபோலோட் தோளைக் குலுக்கினான்.

இரண்டாவது பாதியின் முதல் பந்திலேயே அவன் முகம் மாறியது. பந்து மேலே போனது, பொட்டு தரையில் ஓடியது, மூகிடேயின் ஆள் பொட்டின் மேல் போய் நின்றான். முட்டினான். மூன்றுக்கு ஒன்று. வெபுகுலு எழுந்து குதித்ததில் பெஞ்சின் மறுமுனையில் இருந்தவர் சரிந்தார். கொஞ்ச நேரத்தில் மூன்றுக்கு இரண்டு. கடைசி நிமிஷத்தில் அதே மூலை, அதே தலை. பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. விசில்.

தோற்றுவிட்டோம்.

ஒபோலோட் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டான். நம்போஸோவுக்குக் கை கொடுத்தான். “இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்திருந்தா பெஞ்ச் இங்கயேதான்க்கா,” என்றான். ஆனால் பழக்கம் பழக்கம்தான். அவன் ஆட்கள் பெஞ்சைப் பிடித்தார்கள். எல்லாரும் எழுந்தார்கள், வெபுகுலு மட்டும் எழவில்லை.

“எந்திரிங்கண்ணே.”

“என் இடம் இது. தூக்கணும்னா தூக்கிக்கோ.”

தூக்கினார்கள். ஆறு பேர் முக்கி முனகி, தையல்காரரோடு சேர்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு சாலையில் போனார்கள். அவர் மேலே கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே வந்தவர்கள் எந்தக் கல்யாணம் என்று கேட்டார்கள். நம்போஸோவும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் இரண்டு முட்டை போட்டு ஒரு சப்பாத்தி சுருட்டி அவள் வாசலில் வைத்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

திங்கள், செவ்வாய், புதன், கடையில் ஈ காக்காய் இல்லை. மூகிடே வந்தான், கணினியோடு தனியாக ஒரு ஆட்டம் ஆடினான், பாதியிலேயே கைப்பிடியை வைத்துவிட்டான். “கோல் போட்டா யாருக்குக் காட்றது?” என்றான். அவள் நமதாலாவுக்குப் போகச் சொன்னாள். அவன் போகவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் வெபுகுலு மூச்சு வாங்க நடந்து வந்தார். உள்ளே பார்த்தார், உட்கார ஒன்றும் இல்லை. வெளியே கிடந்த, தண்ணீர் பிடிக்கிற மஞ்சள் ஜெர்ரிகேனைப் படுக்கப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

“என்னண்ணே, அங்க பெஞ்ச் இருக்கே,” என்றாள் நம்போஸோ.

“இருக்கு. படமும் இருக்கு. புல்லு எண்ணலாம், ஆள் மூஞ்சில வேர்வை தெரியுது. ஆனா அவன் காலத் தூக்கி உதைக்கறதுக்குள்ள நான் ஒரு பட்டன் தைச்சு முடிச்சிருவேன். தலை வலிக்குது எனக்கு. எண்ணப் பாத்தேன், இருபத்திரண்டு.”

“இங்க படத்துல கூட்டத்த எடுத்துட்டேனே.”

“அதத்தான் பேச வந்தேன்.”

பிறகு மூகிடேயும் வந்து சேர்ந்துகொள்ள, ஒரு மணி நேரம் தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரே பேரம். அவள் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள், எடுத்துக் காட்டினாள். நிழலைத் தொடக் கூடாது என்பதில் மூன்று பேருக்கும் சண்டை இல்லை. புல் வேண்டாம் என்று வெபுகுலுவே ஒத்துக்கொண்டார். வேர்வை யாருக்கும் வேண்டாம். கூட்டத்தில்தான் இழுபறி.

“நாப்பத்தஞ்சுக்குக் கீழ போனா நான் ஆட மாட்டேன்,” என்றான் மூகிடே.

“கூட்டம் இல்லாட்டி நான் பாக்க மாட்டேன். நீ யாருக்குக் காட்டுவ?”

கடைசியில் அவள் கூட்டத்தைப் பாதிக்கு மேல் குறைத்து, ஒரு பக்க மேடையில் மட்டும் கொஞ்சம் பேரை உட்கார வைத்தாள். எண் நாற்பத்துநாலில் நின்றது.

“ஒண்ணு குறையுது!”

“அந்த ஒண்ணுக்கு நான் கத்துறேன்டா. ஆடு.”

அந்த வாரக் கடைசிக்குள் அவள் கடையில் ஏழு ஜெர்ரிகேன் படுத்துக்கிடந்தது. பெஞ்ச் போடக் கூடாது என்றுதான் பழக்கம், ஜெர்ரிகேன் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒபோலோட் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டுப் போனான். கடை கோழித் தீவனக் கடையாகவில்லை. அடுத்த பந்தயத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அந்த ஏழில் மூன்று என்னுடைய தண்ணீர் கேன். கேட்டால், ஆட்டம் முடியட்டும் அண்ணே என்கிறார்கள்.